அய்யம்பேட்டை டிக்கெட்

எனக்கு ஊர் பாபநாசம். கல்லூரி கும்பகோணத்தில். படித்த மூன்று வருடமும் மாலை பஸ்ஸில் நான் வாங்கியது அய்யம்பேட்டை டிக்கெட். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில் முதலில் பாபநாசம் வரும். அதைத் தாண்டித்தான் அய்யம்பேட்டை. இலவச பாஸ் செல்லாத தனியார் பஸ்ஸில் ஏறும் நாளெல்லாம், போகாத ஊருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். 'அ'வில் தொடங்கும் சொல் எனக்கு வாயில் வந்துவிடும். 'பா' வராது. உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடும். கண்டக்டர் கையில் டிக்கெட் கட்டோடு நிற்பார். பின்னால் ஐம்பது பேர்.

ஒருநாள், பல மாதமாக என்னைப் பார்த்துவந்த கண்டக்டர் படியருகே பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, தெனமும் அய்யம்பேட்டைக்குக் காசு குடுத்துட்டு பாபநாசத்துலயே எறங்கிடுற? வீட்ல தெரியுமா?" அவர் கேட்டதில் அக்கறைதான் இருந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வாக்கியத்திலும் பாபநாசம் வரும். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு இறங்கினேன். மறுநாளிலிருந்து அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

எனக்கு இப்போது 41 வயது. திக்குவாய். அந்தச் சொல்லையே இந்தக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்துகிறேன். 'திக்குவாயன்' என்று ஒருவனுக்குப் பெயர் வைப்பதில்தான் எனக்கு வழக்கு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இதோடு வாழ்ந்ததிலும், கடைசிப் பத்து வருடம் முறையாகப் பயிற்சி எடுத்ததிலும் நான் கற்றதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் எங்கள் ஆட்கள் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசுவதுதானே எங்களுக்குப் பிரச்னை.

ஒளித்து வைக்கும் வேலை

திக்குகிறவனிடம் மற்றவர்கள் கவனிப்பது அந்தச் சில விநாடிகளைத்தான். சொல் மாட்டிக்கொள்வது, 'க க க' என்று திரும்பத் திரும்ப வருவது, முகம் கோணுவது. அதைவிடப் பெரிய வேலை உள்ளே நடக்கிறது. தானும் திக்குவாயராக இருந்த அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். தண்ணீருக்கு மேலே தெரிவது திக்கல். கீழே அமிழ்ந்து கிடப்பது வெட்கம், பயம், தப்பித்தல்.

தப்பித்தலில் நான் தேர்ந்தவன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே நாலு சொல் தள்ளி என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். அதற்குள் மாற்றுச் சொல்லைத் தேடி எடுத்துவிடுவேன். 'பணம்' வராது, 'காசு' என்பேன். 'பக்கத்தில்' வராது, 'அருகில்' என்பேன். கிராமத்துப் பையன் என்னடா செந்தமிழ் பேசுகிறான் என்று நண்பர்கள் பார்ப்பார்கள். பூரி சாப்பிட ஆசைப்பட்டு ஓட்டலுக்குப் போய் இட்லி தின்று வந்த காலைகள் எத்தனையோ. கேட்ட விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தும், கைதூக்காமல் உட்கார்ந்திருந்த வகுப்புகளைக் கணக்கில் சேர்க்கவே முடியாது.

பள்ளியில் காலை வருகைப் பதிவு. எனக்கு முன்னால் பதினோரு பெயர். ஒவ்வொருவனும் "உள்ளேன் ஐயா" சொல்லச் சொல்ல என் நெஞ்சு ஒரு படி மேலே ஏறும். எழுந்து நின்று கையை மட்டும் உயர்த்தினால் ஒரு ஆசிரியர் ஏற்றுக்கொள்வார். இன்னொருவர், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பார். வகுப்பு சிரிக்கும். அவர் கெட்டவர் என்று இன்று நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு ஏழாம் வகுப்பில் ஒரு பாடத்தைக்கூட நான் வாய்விட்டு வாசிக்கவில்லை.

மாற்றுச் சொல்லே கிடையாத ஒரு சொல் உண்டு. சொந்தப் பெயர். திக்குவாய் உள்ளவர்களில் பலருக்கு அதுதான் மிகக் கடினம். "உங்க பேர் என்ன?" என்ற கேள்விக்கு ஒருவன் யோசித்தால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வராதா? என் பெயரும் 'ப'வில்தான் தொடங்குகிறது. பார்சல் கட்டும் கடைகளில், ரயிலில் பேச்சுக் கொடுத்தவர்களிடம், நான் ஆனந்தாக, இளங்கோவாக, அருளாக இருந்திருக்கிறேன். என்னை வேறு பெயரில் தெரிந்துவைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் இப்போதும் இருப்பார்கள்.

யானை செய்ததா, அம்மா செய்ததா?

மூன்று வயதில் கோயில் யானை பிளிறியதில் நான் பயந்துபோனேனாம். அதனால்தான் திக்குகிறது என்று அம்மா நம்பினாள். நான் பார்க்கட்டும் என்று தூக்கிக் காட்டியது அவள்தான். முப்பது வருடம் அந்தக் குற்றத்தைச் சுமந்தாள். அப்பாயி வேறு காரணம் வைத்திருந்தாள்: சின்ன வயதில் திக்கிக்கொண்டிருந்த என் மாமாவோடு பேசிப் பேசி எனக்கு ஒட்டிக்கொண்டது.

இரண்டுமே தவறு. திக்கல் பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள், குழந்தை சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்கும் பருவத்தில் ஆரம்பிக்கிறது. நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்காவது வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவோ பயிற்சியாலோ போய்விடுகிறது. மீந்து நிற்பவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதம். பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற கணக்கில் இருக்கிறது. அந்த ஒரு பெண் கல்யாணப் பேச்சின்போது வாய் திறக்காமல் உட்கார வைக்கப்படுகிறாள் என்பது தனியாக எழுதவேண்டிய துயரம்.

இது குடும்பவழி வருவது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டென்னிஸ் டிரேய்னாவின் குழு, திக்கல் தலைமுறை தலைமுறையாக ஓடும் பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்து, திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010-ல் வெளியிட்டது. எல்லோருக்கும் அதே மரபணு காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தில் வந்தது, வளர்ப்பில் வந்தது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. பேச்சைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளுக்கும், உதடு நாக்கு குரல்வளையை அசைக்கும் பகுதிகளுக்கும் இடையிலான இணைப்புகளில், குறிப்பாக இடப்பக்கத்தில், வேறுபாடு இருப்பதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. எந்த நொடியில் எந்தத் தசை அசையவேண்டும் என்ற நேரக் கணக்கு பிசகுகிறது. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பாடும்போது திக்காது. கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது திக்காது. தேசிய கீதத்தை நான் ஒருநாளும் திக்கியதில்லை. கைக்குழந்தையிடமும் நாயிடமும் சரளமாகப் பேசலாம். யாரும் கேட்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் பெரியவர்களுக்கு அநேகமாகத் திக்கலே வருவதில்லை என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2021-ல் காட்டியது. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. குளியலறையில் நான் பேசிய பேச்சுகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

பெற்றோரைக் குற்றம்சாட்டும் வழக்கம் நம் அப்பாயிகளோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர், அவரும் திக்குவாயர், ஒரு கொள்கை வைத்திருந்தார்: குழந்தையின் சாதாரணத் தடுமாற்றத்தைத் திக்கல் என்று பெற்றோர் பெயர்சூட்டுவதால்தான் திக்கல் உண்டாகிறது. அதைச் சோதிக்க 1939-ல் அவருடைய மாணவி ஒருவர், டேவன்போர்ட் நகரத்து அநாதை இல்லத்திலிருந்து 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், நீ திக்குகிறாய், அதை நிறுத்து என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் பேசவே கூசி ஒடுங்கிப்போனார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-ல். அந்தக் கொள்கை விழுந்துவிட்டது. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார் தங்களைத் தாங்களே நொந்துகொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கினேன். யானை இல்லை, நீ இல்லை, மரபணு என்றேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப எங்க வீட்டு வழியாத்தான் வந்துச்சா?" என்றாள்.

வசம்பு, தேன், கூழாங்கல், லாட்ஜ்

பிள்ளை வளர்ப்பான் என்று நம் ஊரில் பெயர் வாங்கிய வசம்பைச் சுட்டு, இழைத்து, தேனில் குழைத்து என் நாக்கில் எத்தனையோ முறை தடவியிருக்கிறார்கள். குழந்தையின் வாயில் வைக்கவேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் யார் சொன்னது? சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவுக்கும் கூட்டிப்போனார்கள். சம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் கொடுத்த தலம். தங்கத்தில் செய்த தாளம் ஒலிக்காது. அதற்கு ஓசை கொடுத்தவள் அம்பாள். அதனால் அவள் ஓசைநாயகி. பேச்சு வராத குழந்தைகளைப் பெற்றவர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். எனக்குத் திக்கல் போகவில்லை. ஆனால் தங்கத் தாளத்துக்கு ஓசை வந்த அந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும்.

கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசிப் பழகினார் என்ற கதை நம் தமிழ் வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரியும். என்னையும் போடச்சொன்னார்கள். அதில் ஒன்று தொண்டைக்குள் போகத் தெரிந்தது. 1841-ல் பெர்லின் அறுவை மருத்துவர் டீஃபென்பாஹ் திக்குபவர்களின் நாக்கின் அடிப்பகுதியை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்தார், மயக்கமருந்து வராத காலத்தில். கோளாறு நாக்கில் இல்லை என்பது தெரிவதற்கு முன் நாக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறது.

என்னுடைய பெரிய ஏமாற்றம் இருபத்துநாலு வயதில். 'திக்குவாய் பத்தே நாளில் குணம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணத்தோடு ஒரு நகரத்து லாட்ஜில் தங்கிப் பயிற்சிக்குப் போனேன். தொடையில் விரலால் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அசை. மூன்றாம் நாளே சரளமாகப் பேசினேன். பத்தாம் நாள் மேடையேறி என் பெயரைச் சொன்னேன், அழுதேன். ஊருக்கு வந்து இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி. அப்போது என்னைத்தான் திட்டிக்கொண்டேன், ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்று. தாளத்துக்குப் பேசினால் யாருக்குமே திக்கல் குறையும், புதுப் பழக்கத்தின் வேகம் தேய்ந்ததும் திரும்பிவிடும் என்பது இந்தத் துறையில் பல காலமாகத் தெரிந்த விஷயம். இத்தனை நாளில் குணம் என்று உறுதி கொடுப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். திக்கலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த மாத்திரை ஒன்றுகூட இதுவரை இல்லை.

சீவாளியை இறுக்கினால்

முப்பத்தொரு வயதில், கல்யாணமான பிறகு, மனைவியின் வற்புறுத்தலால் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனேன். முதல் நாள் மேடம் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. என்னைப் பேசவிட்டு செல்போனில் வீடியோ எடுத்து, திருப்பிப் போட்டுக் காட்டினார். என் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். தலை பின்னால் வெட்டுகிறது, வலக்கால் தரையை உதைக்கிறது, கண் எதிராளியை விட்டு ஓடுகிறது. "இதுல திக்கல் கொஞ்சம்தான் சார். மிச்சமெல்லாம் திக்கலோட நீங்க போடுற சண்டை" என்றார்.

'ப' எப்படிப் பிறக்கிறது என்று சொல்லித்தந்தார். உதடுகள் லேசாகத் தொட்டு, பின்னால் சேரும் காற்று அதைத் திறந்துகொண்டு வரவேண்டும். நான் செய்தது நேர்மாறு: வராதோ என்ற பயத்தில் முன்கூட்டியே உதட்டை இறுக்குவேன், குரல்வளையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், காற்று நகராது. அதைத் திறக்க இன்னும் அழுத்துவேன். தஞ்சாவூர்க்காரனுக்கு இது புரியாமல் போகுமா? நாதஸ்வரச் சீவாளியை உதட்டால் இறுக்கிப் பிடித்தால் எவ்வளவு ஊதினாலும் நாதம் வராது.

தினம் இருபது நிமிடம், நிமிடத்துக்கு அறுபது அசை என்ற வேகத்தில், உயிரெழுத்துகளை நீட்டி, சொல்லோடு சொல்லைக் காற்று அறாமல் தொடுத்து, செய்தித்தாளை வாசித்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினோம். இழுத்துப் பேசும் இந்த முறையில், சிட்னி நகரின் கேம்பர்டவுன் பெயரால் அறியப்படும் பயிற்சித் திட்டம்கூட உண்டு. பலன் இருந்தது. குறையும் இருந்தது. அறைக்குள் வந்த பேச்சு பஸ் ஸ்டாண்டில் வரவில்லை. சந்தையில் சண்டை நடக்கும்போது உயிரெழுத்தை நீட்டிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

அப்போதுதான் மேடம் சார்ல்ஸ் வான் ரைப்பரைப் பற்றிச் சொன்னார். திக்கலுக்கான சிகிச்சையை உருவாக்கியவர்களில் மூத்தவர், 1905-ல் பிறந்தவர், கடுமையான திக்குவாய். இளைஞனாக இருந்தபோது பேச்சையே விட்டுவிடும் அளவுக்கு மனம் ஒடிந்திருந்தார். ரோட்டோரம் காரில் வந்த ஒரு கிழவர் அவரை ஏற்றிக்கொண்டார். அந்தக் கிழவரும் திக்குவாய். ஆனால் முகம் கோணாமல், மல்லுக்கட்டாமல், நிதானமாகத் திக்கினார். தன்னோடு தானே சண்டைபோட இனித் தெம்பில்லை, சொற்கள் கசிந்து வருகிற மாதிரி வரட்டும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாராம். திக்காமல் இருக்க முயல்வதை விட்டு, லேசாகத் திக்கக் கற்றுக்கொள்வது என்ற வழியை வான் ரைப்பர் அங்கிருந்துதான் பிடித்தார். மாட்டிக்கொண்ட சொல்லை முடித்தபின் நின்று, மூச்சுவிட்டு, அதே சொல்லைத் தளர்வாக இன்னொருமுறை சொல்வது முதல் படி. மாட்டியிருக்கும்போதே பிடியைத் தளர்த்தி வெளியே வருவது அடுத்தது. மாட்டப்போகிறது என்று தெரிந்ததும் லேசாகத் தொட்டுத் தொடங்குவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு மாதக்கணக்கானது.

அதோடு ஒரு கொடுமையான வீட்டுப்பாடம். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரிடம், வேண்டுமென்றே திக்கி, பாபநாசம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கவேண்டும். முதல் நாள் நாலு முறை போய்விட்டுத் திரும்பினேன். ஐந்தாம் முறை ஒரு பூக்கார அம்மாவிடம், "ப்... ப்... பாபநாசம்..." என்று நானே இழுத்தேன். "மெதுவாச் சொல்லு சாமி, பஸ்ஸு எங்க போவுது" என்றார். பத்துப் பேரில் ஒரு பையன் சிரித்தான். இரண்டு பேர் எனக்கு முன்னால் சொல்லை முடித்தார்கள். மற்ற ஏழு பேரும் நின்று கேட்டு, கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். இருபது வருடம் நான் எந்தக் கூட்டத்துக்குப் பயந்தேனோ அந்தக் கூட்டம் அங்கே இல்லை.

இப்போதும் திக்குகிறேன். வெயில் காலத்தில் தூக்கம் கெட்டால் அதிகமாகும். ஒரு வருடம் முழுக்க நன்றாக இருந்துவிட்டு, அப்பா இறந்தபோது ஆறு மாதம் பின்னால் போய்விட்டது. ஆனால் டெலிபோன் மணி அடித்தால் எடுக்கிறேன். பூரி கேட்டு வாங்குகிறேன். முன்பின் தெரியாதவரிடம் பேசத் தொடங்கும்போதே, "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாக்கியம் செய்த நன்மையை எந்தப் பயிற்சியும் செய்யவில்லை.

1957-ல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் வாழ்நாள் முழுக்கத் திக்கியவர். எப்போதும் உங்களுக்குத் திக்குமா என்று கேட்டதற்கு, பேசும்போது மட்டும்தான் என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பதிலைச் சொல்லும் தெம்பு இருந்ததால் லட்சக்கணக்கானவர்கள் அவருக்காகக் காத்திருந்து கேட்டார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் கதையை 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். 1926-ல் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர், 1939 செப்டம்பர் 3-ல் வானொலியில் போர் அறிவிப்புப் பேச்சைப் பேசும்போதும் லோக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசினார். பதின்மூன்று வருடம் கழித்தும்.

எங்கே போவது என்று கடிதம் எழுதிக் கேட்பவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். குழந்தையென்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். ஸ்பீச் தெரபிஸ்ட் பணியிடம் உள்ள இடம் அது. மைசூரில் 1965-லிருந்து இயங்கும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இந்தத் துறையின் தாய்வீடு. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கூசாமல் கேளுங்கள். தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் போன்ற சுய உதவி அமைப்புகளின் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போங்கள். ஒரு அறையில் இருபது பேரும் திக்குவதைக் கேட்கும்போது ஏற்படும் நிம்மதியை நான் விளக்கிச் சொல்ல முடியாது.

திக்காதவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். "மெதுவா பேசு, மூச்ச இழுத்து விடு" என்று சொல்லாதீர்கள். எங்கள் சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள். அன்பால்தான் முடிக்கிறீர்கள். என் அம்மா என் வாக்கியங்கள் அத்தனையையும் அன்பால் முடித்தாள். விருந்தாளி கேட்ட கேள்விக்கு, கடைக்காரருக்கு, டாக்டருக்கு, எனக்கு முன்னால் அவள் பதில் சொல்வாள். சொல்லத் தொடங்கினால் முடிக்க ஆள் இருக்கிறது என்று பழகிய குழந்தை, சொல்வதையே நிறுத்திவிடுகிறது.

போன ஆவணியில் என் மகள் திக்கத் தொடங்கினாள். மூன்றரை வயது. இந்த முறை நாங்கள் யானையைத் தேடவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று சிட்னியில் உருவான லிட்கோம் முறையைத் தெரபிஸ்ட் எங்களுக்குப் பழக்கினார். சிகிச்சை கொடுப்பது பெற்றோர்தான். தினமும் மாலையில் கால்மணி நேரம் படம் பார்த்து விளையாட்டாகப் பேசவேண்டும். தடையில்லாமல் வந்த பேச்சை உடனுக்குடன் பாராட்டவேண்டும். மாட்டிக்கொண்டால் எப்போதாவது, உறுத்தாமல் சுட்டவேண்டும். எத்தனை பாராட்டுக்கு எத்தனை சுட்டல் என்பதை அவர் வாராவாரம் பார்த்துத் திருத்துகிறார். எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு நிலைத்துவிட்டதால் அவர் காத்திருக்கச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு அம்மா வந்தாள். பையிலிருந்து வெள்ளைத் துணியில் முடிந்த வசம்பை எடுத்தாள். நான் பார்த்ததும், "நாக்குல வைக்கல. டாக்டர் வேணாம்னாங்கள்ல. கையில கட்டலாமா?" என்றாள்.

"கட்டும்மா."

மகள் கையை நீட்டிக்கொண்டு, "பா... பா... பா..." என்று தொடங்கினாள். அம்மாவின் வாய் திறந்தது. என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, கறுப்புக் கயிற்றின் முடிச்சைக் கையிலேயே பிடித்தபடி, குழந்தை முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.